நீக்கு, அகற்று

காலை ஏழு பத்து. முதலில் கண்ணில் பட்டவை கைபேசித் திரையில் இரண்டு பொத்தான்கள். பழைய செயலி ஒன்றை எடுத்துவிடப் போனேன். ‘உங்கள் படங்களையும் சேர்த்து அழிக்கவா, படங்களை வைத்திருக்கவா?’ என்று கேட்டது. இவ்வளவு தெளிவாகவும் கேட்க முடியும். எதையும் அழுத்தாமல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

போர் முடிந்த ஆண்டில் நான் ஒரு கலைச்சொல் குழுவில் இருந்தேன். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த அஜின்கோர்ட்டில் ஒரு நிலவறை, சனிக்கிழமை பின்னேரங்கள். நனைந்த கம்பளமும் ஆறிய கோப்பியும் மணக்கும். தொலைபேசிப் பேச்சைக் கணினியில் பதிந்து வைக்கும் இலவச மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக் குறுந்தட்டில் கொடுத்தோம். போர் நடந்த வன்னியிலிருந்து யாராவது அழைத்தால் குரலாவது மிஞ்சும். பத்திரிகையில் பிழை திருத்தியவன் என்று என்னையும் சேர்த்தார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது, வேறென்ன.

குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சொல்லையும் பாவிக்கப்போகிறவர்களிடம் காட்டுவதில்லை. கை உயர்த்தி முடிவெடுப்போம். ‘பேக்கேஜ்’ என்பது ‘பொதியா’, ‘தொகுப்பா’ என்பதற்கு மூன்று சனிக்கிழமைகள் போயின. ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்பது ‘வழங்கலா’, ‘பகிர்மானமா’ என்பதில் இரண்டு பேர் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். அந்த நாட்களில் போரை நிறுத்தச் சொல்லிச் சனம் கொடிகளோடு தெருவில் நின்றது.

மென்பொருளை மட்டும் எடுக்க ஒரு பொத்தான். பதிந்த குரல்களோடு சேர்த்து அழிக்க இன்னொன்று. முதலாவதற்கு ‘நீக்கு’, இரண்டாவதற்கு ‘அகற்று’ என்றார் தலைவர் கதிர் அண்ணை.

“ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கே சார்,” என்றார் மிசிசாகாவில் வேலை பார்த்த மதுரைக்காரர் சுந்தர். “‘எல்லாவற்றையும் அழி’ன்னு போட்டுடலாமே.”

“உது சந்தைத் தமிழ், தம்பி. கலைச்சொல் எண்டால் ஒரு சொல்லில நிக்க வேணும்.”

“நின்னா சரி சார். புரியணுமே?”

“விளங்காதவைக்குக் கையேடு இருக்கு.”

சிரித்தார்கள். சுந்தர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். கதிர் அண்ணையின் பக்கம் கை உயர்த்தினேன். வீட்டுக்குப் போக நேரமாகியிருந்தது.

மே மாதக் கடைசியில் ராணி அக்கா அழைத்தார். விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்தவர். முள்ளிவாய்க்காலிலிருந்து அவருடைய தம்பி கடைசியாகப் பேசியதைப் பதிந்து வைத்திருந்தார்.

“புதுக் குறுந்தட்டைப் போட முதல் பழசை எடுக்கச் சொல்லிக் கிடந்தது, தம்பி. நான் அகற்று எண்டதை அமத்திப்போட்டன். இப்ப அவன்ரை குரலைக் காணேல்லை. எடுத்துத் தருவியளோ?”

முடியாது என்றேன்.

“சரி. உங்களுக்கு வேலை இருக்கும், வையுங்கோ,” என்றார்.

அடுத்த சனிக்கிழமை இதைச் சொன்னேன்.

“கையேட்டில பன்னிரண்டாம் பக்கத்தில வடிவா எழுதிக் கிடக்கு,” என்றார் கதிர் அண்ணை. “அவ வாசிச்சிருக்க வேணும்.”

பிறகு ‘மேம்படுத்து’ என்ற சொல்லுக்குப் போனார்கள். சுந்தர் எழுந்து போய்விட்டார். நான் கூட்டம் முடியும்வரை இருந்தேன், குறிப்பெடுத்தவனும் நான்தான்.

இப்போது குழு இல்லை. நிலவறையில் யாரோ குடியிருக்கிறார்கள். குறுந்தட்டுப் போடக் கணினிகளில் இடமில்லை. ராணி அக்கா ஒஷாவாவுக்கு மாறிப்போனார்.

அவருடைய தம்பி பேசியது ஆறு நிமிடம். வேறு பிரதி இருக்கவில்லை.