ஒரு குழாய்க்கு இரண்டு நாடு

தறப்பாள் கூரையில் மழை விழும் சத்தம்தான் இந்தத் தொழிலில் நான் கேட்ட முதல் சத்தம். எத்தனையோ வருடங்களுக்கு முன், புத்தளத்து அகதி முகாம் ஒன்றில், வெள்ளைக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார். அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். தலைக்கு மேலே மூட்டை மூட்டையாக நெல் கொட்டுவதுபோல் மழை. அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, நான் சொன்னது சனத்துக்குக் கேட்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் நன்றாக நடந்தது என்று அவர் எனக்குக் கைகொடுத்தார். உதவ வரும் உலகத்துக்கும் உதவி கேட்கும் ஊருக்கும் நடுவில் நின்று வாயை வாடகைக்கு விடுவதே மொழிபெயர்ப்பாளர் தொழில் என்று அன்றைக்கே விளங்கிவிட்டது.

ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, முன்னேஸ்வரத்தில் கோயில் மணியைக் கேட்டபடி சும்மா இருந்தவளை அந்தத் தொழில் சென்ற வருடம் மறுபடியும் கூப்பிட்டது. மாம்புரிப் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றில் கிணறுகள் உவராகிவிட்டன. இரண்டு வெளிநாடுகள் சேர்ந்து அங்கே சுத்திகரிப்பு இயந்திரம் வைத்துக் கொடுக்கப்போகின்றன. ஒரு நாட்டின் ஆள் மிக உயரம். மற்ற நாட்டின் ஆள் தடித்த கண்ணாடி போட்டவர். இரண்டு மொழிக்கு நடுவே நிற்பவளுக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை. பிறர் பேச்சைச் சுமந்தே தொண்டை வற்றிய என் மொழிபெயர்ப்பாளர் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இளநீர்

முதலில் உயரமானவர் வந்தார். குடிக்கத் தண்ணீர் இல்லை என்பதைக் கண்ணால் பார்க்க வந்தவருக்கு வாசலுக்கு வாசல் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். நான்காவது வீட்டில் அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு, "இவ்வளவு இளநீர் இருக்கிற ஊரில் தண்ணீர் எதற்கு?" என்று என்னிடம் கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார் என்று இன்றும் நம்ப ஆசைப்படுகிறேன்.

அது ரஹீமாவின் வீடு. வீட்டு முன்பக்கமே அவளுடைய தேநீர்க் கடை, ஊர்ப் பேச்சில் தேத்தண்ணிக் கடை. புருசன் விட்டுப் போனவன், பிள்ளைகள் இருவர். கிணற்றுத் தண்ணீரில் பால் திரைந்து போகிறது, பவுசர் லொறியில் வரும் தண்ணீர் வாங்கினால் கடையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. தண்ணீர் வராவிட்டால் பிள்ளைகளைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. ஏஜென்சிக்காரன் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் போய்விட்டான். உயரமானவர் கேட்டதை அப்படியே தமிழில் சொன்னேன். ரஹீமா கத்தியைக் கீழே வைத்தாள். "இளநியில தேத்தண்ணி ஊத்த ஏலா ண்டு தொரைக்குச் சொல்லுங்க டீச்சர்."

நிறைந்த பரல்கள்

அடுத்து கண்ணாடிக்காரர் வந்தார். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் பள்ளிவாசல் நிர்வாகி இஸ்மாயில் நானா ஊரெல்லாம் சொல்லி, எல்லோருமாகச் சேர்ந்து பவுசர் வரவழைத்து, வீட்டுக்கு வீடு தண்ணீர் பிடிக்கும் பீப்பாய்களை, அந்தப் பரல்களை, தளும்பத் தளும்ப நிரப்பி வைத்துவிட்டார்கள். வருகிறவர் கைகால் கழுவ வேண்டாமா? முற்றத்துக்குக்கூடத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் ஒவ்வொரு பரலாக எட்டிப் பார்த்துப் படம் பிடித்தார். இங்கே தட்டுப்பாடு இருப்பதாகத் தெரியவில்லையே என்றார்.

நான் பதறிப்போய் நானாவைத் தென்னை மரத்தடிக்கு இழுத்துப்போய் விசயத்தைச் சொன்னேன். இன்றைக்கு ஒருநாள் மட்டும் பரல்களை வெறுமையாக வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "விருந்தாளி வாற நாளில வெறும் பரலக் காட்டவா? தாகத்தில மவுத்தானாலும் அந்த வெக்கம் எங்களுக்கு வாணாம் டீச்சர்."

கண்ணாடிக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் கமெராவை மூடினார். கிணற்றுத் தண்ணீர் கேட்டார். ஒரு மிடறு குடித்து, துப்ப இடம் தேடி, மரியாதைக்காக விழுங்கினார்.

கைகுலுக்கல்

ஒரு நாடு இயந்திரம் அனுப்பியது, மற்ற நாடு தண்ணீர்த் தாங்கி கட்டியது. இயந்திரத்தின் குழாய் ஓர் அளவு, தாங்கியின் வாய் வேறோர் அளவு. பிழை எங்கள் பக்கம் இல்லை என்று இரண்டு நாடுகளும் மிகப் பணிவான ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டன. இதற்குள் யாருடைய பெயர்ப்பலகை முன்னுக்கு நிற்பது என்று வேறு இழுபறி. இயந்திரம் பெட்டிக்குள் கிடந்தது. தாங்கிக்குள் ஓணான் குடியிருந்தது. ரஹீமா ஒவ்வொரு முறையும், "இண்டைக்கு என்னவாம் டீச்சர்?" என்று கேட்பாள். இன்றைக்கும் கடிதம்தான் என்பேன்.

குழாய் பொருத்தச் சிலாபத்திலிருந்து வந்த அன்ரன் பாஸ் இரண்டு பலகைகளிலும் இருந்த படங்களைப் பார்த்தார். ஒன்றில் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருந்தன, மற்றதில் மூன்று. பாஸ் குழாய் முடுக்கும் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "கையெல்லாம் குலுக்குது மிஸ், குழாய்தான் குலுக்குதில்ல."

சஹன்

இஸ்மாயில் நானா இரண்டு பேரையும் பகல் சாப்பாட்டுக்கு அழைத்தார். பாய் விரித்து, நடுவில் சஹன் வைத்தார்கள். பெரிய தட்டு அது. சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே சாப்பிட வேண்டும். கடிதத்தில் மட்டும் பேசிவந்த இருவரும் முழங்காலோடு முழங்கால் இடிபட உட்கார்ந்தார்கள். உயரமானவருக்குக் கால் மடிக்கத் தெரியவில்லை. கண்ணாடிக்காரருக்குச் சோறு விரலில் நிற்கவில்லை. நானா இறைச்சியைப் பிய்த்து இருவர் பக்கமும் வைத்தார். உயரமானவர் நல்ல துண்டை மற்றவர் பக்கம் தள்ளினார். அவர் திருப்பித் தள்ளினார். துண்டு இரண்டு முறை போய் வந்தது.

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் நடுவில் தொங்கிய மெல்லிய திரைக்கு ஊடாகவே பார்த்து மொழிபெயர்த்தேன். சாப்பாடு முடிந்து அன்னாசிப் பழம் வெட்டுவதற்குள் எந்தப் பலகையும் முன்னுக்கு வேண்டாம், இரண்டு அளவையும் இணைக்கும் இடைக்குழாயை இரண்டு நாடுமாக வாங்குவோம் என்று முடிவாகிவிட்டது. நான் மெதுவாக நானாவைப் பாராட்டினேன். திரைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது: "ஒரு சஹன்ல கை வெச்சவன் எழும்பின பொறகு சண்டை புடிக்க ஏலா டீச்சர், அது அவங்கட நாட்டுக்கும் சேத்துத்தான்."

திரைக்கு இந்தப் பக்கம்

என் சஹனில் ரஹீமா இருந்தாள். சோற்றில் கை வைத்தபடியே இருந்தாள், எடுக்கவில்லை. குவைத்துக்கு மெடிக்கல் எடுத்தாயிற்று, பாஸாகிவிட்டது, டிக்கட் வரும் என்றாள். வாழ்த்துச் சொல்வதா வருத்தம் சொல்வதா என்று எனக்கு எந்த மொழியிலும் தெரியவில்லை. "கொஞ்சம் பொறு பிள்ளை, இருவரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள், குழாய் வந்துவிடும்" என்றேன். திரையின் மறுபக்கத்தில் பெரிய சிரிப்பு எழுந்தது. அவள் அது அடங்கும்வரை காத்திருந்தாள். "அவங்க ஆறுதலாத் தின்டுட்டு வரட்டும் டீச்சர், என்ட புள்ளைகளுக்குப் பசி வந்திட்டு."

முதல் தேத்தண்ணி

மாதங்கள் கழித்து இடைக்குழாய் கடல் கடந்து வந்து, தண்ணீர் வந்தது. ரிபன் வெட்டினார்கள். முதல் கிளாஸை ஊரின் மூத்தவர் ஒருவர் குடித்து, உப்பே இல்லையே, சப்பென்று இருக்கிறதே என்று முகத்தைச் சுளித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். உயரமானவர் கூட்டத்தில் யாரையோ தேடினார். இளநீர் வெட்டிக் கொடுத்தாரே, அந்த அம்மாவோடு ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார்.

கடைக்கு அழைத்துப் போனேன். அடுப்படியில் ரஹீமாவின் தங்கச்சி ஹம்தூனா நின்றாள். ரஹீமாவின் சின்னவள் அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டதைச் சொன்னேன். ஹம்தூனா புதுத் தண்ணீரில் கொதித்த தேயிலைச் சாயத்தைப் பால் கோப்பையில் ஊற்றினாள், பால் திரையவில்லை. "ராத்தா போய்ட்டா. தேத்தண்ணி நான் ஊத்துறேன், இரிந்து குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க."

ரஹீமா இப்போது குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். அங்கேயும் குழாயில் வருவது கடலைச் சுத்திகரித்த தண்ணீர்தானாம், தேத்தண்ணி நன்றாக வருகிறதாம்.