பளபளக்காத ஸ்கோன்

1. கல்

முதல் நாள் என் வகுப்புப் பிள்ளைகள் சுட்டெடுத்த ஸ்கோன் என்கிற பன்னைக் கீழே போட்டால் தரைதான் உடையும். மிகைப்படுத்தவில்லை. ஒரு பையன் போட்டே பார்த்தான், ஸ்கோனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

குற்றம் அவர்கள் மேல் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாவு என்றால் பிசைவது. அழுத்திப் பிசைந்தால்தான் சப்பாத்தி மெத்தென்று வரும் என்று கேட்டு வளர்ந்த கைகள் அவை. ஸ்கோன் இதற்கு நேர் எதிர். மைதாவையும் பட்டரையும் விரல் நுனியால் உதிர்த்து, குளிர்ந்த பாலை ஊற்றி, ஒன்று சேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். இன்னொரு தடவை பிசைந்தால் போச்சு. அன்றைக்கு வகுப்பே போட்டி போட்டுக்கொண்டு பிசைந்திருந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒருத்தி மாவை அழகாக உருட்டி, மூடி போட்டு, "ஊறட்டும் மிஸ்" என்றாள்.

நான் திருச்சி கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலின் பேக்கரியில் பாதி ஆயுளைக் கழித்தவள். முழங்கால் இனி நிற்க மாட்டேன் என்று சொன்ன பிறகு வேலையை விட்டேன். கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் சனிக்கிழமைகளில் பேக்கிங் கிளாஸ் எடுக்கக் கூப்பிட்டார்கள். ஐந்தாவது, ஆறாவது படிக்கும் பிள்ளைகள். அவர்களுக்கு நான் ஸ்டெல்லா மிஸ். ஓவன் என்னுடையது, ரூம் பள்ளியுடையது.

வெள்ளைக்காரன் பன்னை நம் பிள்ளைகளுக்கு எதற்குச் சொல்லித்தர வேண்டும் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு சார் கேட்டார். மேஜையில் அவர் பேப்பரில் கிரிக்கெட் பக்கம் விரிந்திருந்தது. அது யார் ஊர் ஆட்டம் சார் என்று கேட்டேன். பேப்பரை மடித்துவிட்டார். உண்மையான காரணம் சாதாரணமானது. ஸ்கோனுக்கு ஈஸ்ட் வேண்டாம், பேக்கிங் பவுடர் போதும், மாவு பொங்கும்வரை காத்திருக்க வேண்டாம், இரண்டு பீரியடுக்குள் சுட்டுச் சாப்பிட்டுவிடலாம். முட்டையும் வேண்டாம்.

இந்த முட்டை விஷயத்தைக் கேட்டுக்கொண்டு முதல் வாரமே ஒரு அம்மா வந்தார். ஸ்ரீரங்கம் உத்தர வீதி, பேங்கில் வேலை. மகள் வைதேகி ஐந்தாம் வகுப்பு. மாவை மூடி வைத்து ஊறப்போட்டவள் அவள்தான். எல்லா சாமானையும் அந்த அம்மாவுக்கு எடுத்துக் காட்டப் போனேன். அவர் வேண்டாம் என்று கையசைத்தார்.

"நான் வெளில ஒரு வாய் காபிகூட சாப்பிடறதில்லை. கொழந்தைக்கு ரொம்ப ஆசையா இருக்கு. முட்டை கிடையாதுன்னு நீங்க சொன்னா எனக்குப் போறும்."

கிடையாது என்று சொன்னேன். எனக்கு முட்டை இல்லாமல் பொழுது விடியாது, அது என் வீட்டுச் சங்கதி. அந்த ரூமுக்குள் ஒரு முட்டை ஓடுகூட வராது என்று நான் கொடுத்த வாக்கு வேறு.

2. ஐஸ் தண்ணி

கல் எப்படி ஸ்கோன் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும். திருச்சி வெயிலில் பட்டர் கையில் எடுத்த நொடியில் எண்ணெய் ஆகிவிடும். அதனால் ஒரு பேசினில் ஐஸ் தண்ணீர் வைத்து, பிள்ளைகள் கையை முக்கித் துடைத்துவிட்டுத்தான் மாவைத் தொட வேண்டும் என்று வைத்தேன். கை விறைத்துப் போனால் பிசைய மனசு வராது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 'போதும்' என்று நான் சொன்னதும் எல்லோரும் இரண்டு கையையும் மேலே தூக்க வேண்டும். போலீஸ் பிடித்த மாதிரி நிற்பார்கள், ஒரே சிரிப்பு. மூன்றாம் வாரம் ஸ்கோன் எழும்பியது. உள்ளே பிய்த்தால் ஆவியோடு இதழ் இதழாக வந்தது. வைதேகி கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றே ஒன்று மட்டும் திருந்தவில்லை. வட்டமாக வெட்டுவதற்கு வீட்டில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரைத்தான் கொடுத்திருந்தேன். நேராக அழுத்தி நேராகத் தூக்க வேண்டும். இதுகள் கடைசியில் ஒரு திருகு திருகிவிடும். திருகினால் ஓரம் ஒட்டிக்கொள்ளும், ஸ்கோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும். சாயட்டும், ருசிக்கு ஒரு குறையும் இல்லை என்று விட்டேன்.

3. வெள்ளைப் பெட்டி

வருஷக் கடைசியில் பெற்றோர் வரும் நாள். பள்ளியின் கரஸ்பான்டன்ட், முதலாளி என்றே வைத்துக்கொள்ளுங்கள், முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வருகிறவர்களுக்குப் பிடித்தால் அடுத்த வருஷம் கிளாஸ் உண்டு. இல்லையென்றால் அந்த ரூம் ஸ்போர்ட்ஸ் சாமானுக்குப் போகும். நான் சரி என்றேன். சாம்பிள் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு சாப்பிட்டார், மூன்றாவதையும் எடுத்தார். பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டேஸ்ட்லாம் ஓகே மிஸ். ஆனா ஃபோட்டோல கோணலா தெரியும். பேசாம ஹோட்டல்ல ஆர்டர் பண்ணி, பிள்ளைங்க பேரை முன்னாடி வச்சிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"பிள்ளைங்களுக்குத் தெரியும் சார்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முடியாது சார், செய்ததைத்தான் வைப்போம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பெற்றோர் வரும் நாள் காலையில் பிள்ளைகளோடு சுட்டு முடித்து, தட்டுகளோடு ஹாலுக்குப் போனால் மேஜை ஏற்கனவே நிறைந்திருக்கிறது. அளவெடுத்த மாதிரி நேரான ஸ்கோன்கள். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் பிள்ளைகளின் பெயர் அட்டை. மேஜைக்கு அடியில் வெள்ளைப் பெட்டிகள். ஒன்றை எடுத்து உடைத்தேன். உள்ளே பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் வேலை பார்த்த ஹோட்டல், நான் பழக்கிவிட்ட பக்குவம். எனக்குப் பிறகு வந்தவன் ஒரு துளி மாற்றாமல் செய்துகொண்டிருக்கிறான். ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த நிமிஷம் அதன் மேல்பக்கம் கண்ணில் பட்டது. அந்த ஸ்கோன் மேலே கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஹோட்டலில் அதற்காக முட்டையை அடித்து மேலே தடவுவோம். நாங்கள் பள்ளியில் பால்தான் தடவினோம், பால் தடவினால் அவ்வளவு பளபளப்பு வராது.

நிமிர்ந்து பார்த்தால் வைதேகியின் அம்மா மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். 'வைதேகி, 5 பி' என்ற அட்டைக்கு முன்னால் இருந்த ஸ்கோன் அவர் தட்டில். பக்கத்தில் ஸ்ரீரங்கத்துப் பெண்கள் இன்னும் சிலர். வெளியில் காபிகூடக் குடிக்காதவர் கையில் முட்டை தடவிய ஸ்கோன், என் வாக்கை நம்பி. எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, முழங்கால் வலித்ததாக ஞாபகம் இல்லை.

"அதை வச்சிடுங்க மேடம். அது பிள்ளைங்க பண்ணது இல்ல, ஹோட்டல்லேருந்து வந்தது. மேல முட்டை தடவியிருக்கு."

சுற்றி இருந்தவர்கள் தங்கள் தட்டைக் குனிந்து பார்த்தார்கள். கரஸ்பான்டன்ட் சிரித்த முகத்தோடு வேகமாக வந்து என் காதருகே சொன்னார்.

"மிஸ், இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம்னா சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க சார்."

இதை நான் காதருகே சொல்லவில்லை. ஹால் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன். மேஜையில் இருப்பது எதையும் சுத்த சைவக்காரர்கள் தொட வேண்டாம், பிள்ளைகள் சுட்டது இதோ இந்தத் தட்டுகளில் இருக்கிறது என்றேன். அந்த மனிதர் விரோதம் நினைத்துச் செய்தவர் இல்லை. முட்டையை அவர் யோசிக்கவே இல்லை. ஃபோட்டோவை யோசித்தார். எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான்.

பிள்ளைகள் தட்டுகளோடு மிரண்டுபோய் நின்றார்கள். வைதேகிதான் முதலில் நகர்ந்தாள். தன் பெயர் அட்டையைப் பளபள தட்டுக்கு முன்னாலிருந்து எடுத்து, தான் சுட்ட கோணல் ஸ்கோனுக்கு முன்னால் வைத்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்து அவரவர் அட்டையை எடுத்துக்கொண்டார்கள்.

வைதேகியின் அம்மா தட்டில் இருந்ததை மேஜையில் வைத்துவிட்டு, கைகழுவிக்கொண்டு வந்தார். மகள் சுட்டதில் ஒன்றை எடுத்தார். "எங்காத்துக் கொழந்தை கையால பண்ணினது, நான் சாப்பிடறேன்" என்று சொல்லி, நின்றபடியே முழுதும் சாப்பிட்டார். கோணலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார்.

4. முன் ரூம்

திங்கட்கிழமை போன் வந்தது. ரூம் ஸ்போர்ட்ஸ் சாமானுக்கு வேண்டுமாம். வருஷம் முடிந்துவிட்டது என்பது சாக்கு, அடுத்த வருஷம் எனக்குக் கிளாஸ் இல்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாமே என்று கூட வேலை பார்த்த டீச்சர் சொன்னார். எதற்கு மன்னிப்பு என்று கேட்டேன். என் ஓவனை ஆட்டோவில் ஏற்றி மடியில் பிடித்துக்கொண்டு திருவானைக்காவலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தேன். வழியில் கொஞ்சம் அழுதேன். வீடு வந்ததும் நின்றுவிட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு முன் ரூமில் கிளாஸ் நடக்கிறது. பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. வைதேகி வருகிறாள். அவள் அம்மாவை முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன், இது முட்டை வேகிற வீடு, என் ஆம்லெட் பின்கட்டு அடுப்பில், ஓவன் இருக்கும் முன் ரூமுக்கு அது வராது, யோசித்து முடிவு செய்யுங்கள் என்று.

"ஒளிக்காம சொல்லிட்டேளே, அது போறும்" என்றார்.

பிள்ளைகள் இன்னும் டம்ளரைத் திருகுகிறார்கள். நான் இன்னும் கத்துகிறேன். ஸ்கோன் இன்னும் சாய்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒன்றுதான். நீங்கள் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுத்தாலும் சரி, ஒருநாள் அதைவிட நேரான, பளபளப்பான ஒன்றைப் பெட்டியில் வைத்து யாராவது கொண்டுவருவார்கள். நல்ல மனிதராகவே இருப்பார், உங்கள் நல்லதுக்குத்தான் என்பார். பிள்ளைகளின் பெயர் அட்டையை எடுத்துக்கொண்டு, பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். வேலை போகும். எனக்குப் போனது. இன்னொரு தடவை அந்த ஹாலில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.