தண்ணீர் குடிக்காமல் பீன்யா வரை

பெங்களூருக்கு வந்த புதிதில் எனக்கு விநோதமாகப் பட்டது இங்குள்ளவர்களின் 'ஊட்டா ஆய்த்தா' தான். சாப்பாடு ஆயிற்றா என்று காலையிலும் கேட்பார்கள், சாயங்காலமும் கேட்பார்கள். பதிலுக்கு யாரும் நிற்பதில்லை. எனக்குத்தான் அந்தக் கேள்வியில் மனம் சிக்கிக்கொள்ளும். தூரமாகக் கிளம்பும் நாளில் நான் சாப்பிடுவது ஒரு இட்லி. தண்ணீர் முந்தின நாள் மாலையோடு சரி. போலியோவில் கால்கள் இரண்டும் போய், முதுகு வலப்பக்கம் வளைந்துவிட்டது. இடது கை பாதிதான் சொன்னபடி கேட்கும். வழியில் கழிவறை இருந்தாலும் சக்கர நாற்காலியிலிருந்து என்னைத் தூக்கி உட்காரவைக்க ஓர் ஆள் வேண்டும். அதனால் எனக்குப் பயணம் என்றாலே தாகம்தான்.

அப்படி நான் போனதிலேயே நீண்ட பயணம் காக்ஸ் டவுனிலிருந்து பீன்யாவுக்கு. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. திருப்பத்தூரிலிருந்து ஜோலார்பேட்டை போய்த் திரும்புகிற தூரம்தான். ஆனால் என் மின்சார நாற்காலி, வேகமாக நடக்கிறவரோடு போட்டி போடுமே தவிர அதற்கு மேல் ஓடாது. அன்று நதிநீர்த் தகராறுக்காக முழு பந்த். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. பீன்யாவில் லேத் வேலை பார்த்த மாமாவும் சாந்தி அக்காவும் மறுநாள் விடிந்ததும் லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊருக்கே திரும்புவதாக இருந்தார்கள். தண்ணீர்ப் பேச்சு எழும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாமாவுக்கு அலுத்துப்போயிருந்தது. நீயும் வந்துவிடு என்று அக்கா போனில் சொன்னாள். என்னை இடுப்பில் சுமந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவள் அவள். வரமாட்டேன் என்பதை அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வழியில் தமிழில் பேசாதே என்று மட்டும் சொல்லி ஹாஸ்டல் வார்டன் கேட்டைத் திறந்துவிட்டார்.

ஜெயமகால் சாலையில் திரும்பியபோது வேறு யாருடைய கனவுக்குள்ளோ நுழைந்துவிட்டது போலிருந்தது. சாக்கடை ஓரமாக, பஸ்ஸின் ஹாரனுக்குப் பயந்து ஒட்டிக்கொண்டு போகிற நான், தார்ச்சாலையின் நட்டநடுவில் போய்க்கொண்டிருந்தேன். தூங்குமூஞ்சி மரங்கள் இரண்டு பக்கமும் மேலே கைகோத்திருந்தன. மோட்டாரின் முனகலைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. யாருமற்ற சந்திப்பில் சிக்னல் சிவப்பானது. நானும் மரியாதையாக நின்று, பச்சை விழுந்த பிறகு போனேன். மேக்ரி சர்க்கிளில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஸ்டம்ப்பைத் தூக்கி வழிவிட்டார்கள். திருப்பத்தூரில் எல்லாருடைய பேச்சும் என் பேச்சு. ஆனால் எங்கள் தெருவை ஜன்னல் வழியாகத்தான் எனக்குத் தெரியும். இங்கே பாதிப் பேச்சு புரியாத ஊரில், என் மனிதர்கள்மேல் கோபம்கொண்டு அடைத்த சாலை முழுவதும் எனக்காகத் திறந்து கிடந்தது. அதில் சந்தோஷப்படலாமா என்றுகூடத் தெரியவில்லை. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உடம்புக்கு மட்டும் அது கனவாக இல்லை. சாலையின் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் வந்து தட்டியது. வளைந்த பக்கத்து விலா, இடுப்பெலும்பில் உட்கார்ந்து அழுத்தியது. அவ்வப்போது கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக் கொடுக்காவிட்டால் உட்காருமிடம் புண்ணாகிவிடும். ஊன்றுகிற கையும் வண்டியை ஓட்டுகிற கையும் ஒன்றே என்பதால் ஒவ்வொரு தடவையும் நிற்க வேண்டும். வார் கட்டிய பாதங்கள் வீங்கியிருந்தன. யஷ்வந்த்பூர் தாண்டியபோது பேட்டரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. சற்றுத் தொலைவில் வண்டி நின்றேவிட்டது.

பாதி ஷட்டர் இறக்கிய மளிகைக் கடைமுன் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சார்ஜரை எடுத்துக் காட்டினேன். ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கடையை ஒட்டிய வீட்டுக்குள் தள்ளிக்கொண்டுபோய் வயரைச் சொருகினார். பிறகு சொம்பில் தண்ணீர் நீட்டி, "நீரு பேக்கா?" என்றார். வேண்டாமென்று தலையசைத்தேன். மறுபடி நீட்டினார். "வேணாங்க" என்று தமிழ் தானாக வந்துவிட்டது.

அவர் முகம் மாறியது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "யாக்கம்மா, நம்ம நீரு பேட்வா?" என்றார். எங்கள் தண்ணீர் வேண்டாமா என்று கேட்கிறார். அந்த நாளில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்பது எனக்குப் புரிந்தது. எனக்குத் தெரிந்த கன்னடத்தில் அந்தக் காரணத்துக்குச் சொல் இல்லை. இருந்திருந்தாலும் ஓர் ஆணிடம் சொல்லியிருக்க மாட்டேன். உள்ளேயிருந்து வந்த அவர் மனைவியிடம், என் கால்களையும் அவர்கள் குளியலறைக் கதவையும் மாறி மாறிக் காட்டினேன். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவரை வெளியே போகச் சொல்லிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தமிழில் சொன்னார்:

"நான் தூக்கறேன். நீ குடி."

அந்தச் சொம்பு முழுவதையும் குடித்தேன். அவர் தூக்கியபோது அவர் தோளில் சீயக்காய் வாசனை அடித்தது. என் அழுகையை வலி என்று நினைத்து முதுகை நீவிவிட்டார். மதியம் முழுக்க பேட்டரி ஏறும்வரை அங்கேயே இருந்தேன். புறப்படும்போது பெரியவர் கோரகுண்டேபாளையம் வரை கூடவே நடந்து வந்தார்.

பீன்யாவில் அக்கா என்னைப் பார்த்ததும் திட்டினாள். பிறகு வெந்நீர் வைத்து என் கால்களைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல், "வந்துடுடி" என்றாள்.

"அங்க வந்து நான் எங்கக்கா போவேன்?"

போக இடமில்லை என்று நான் சொல்வதாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டாள். நம்ம வீடு இருக்கே என்றாள். வாசலில் நின்ற நாற்காலியின் சேறு படிந்த சக்கரங்களையே நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தபின், மற்றக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் லாரி வந்தது. மாமா ஏற்கெனவே கணக்குப் போட்டு, கட்டிலுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் என் நாற்காலி அளவுக்கு இடம் விட்டுத்தான் சாமான்களை அடுக்கினார். வேறெதையாவது அதில் வைக்கச் சொல்லி டிரைவர் கேட்டபோதும் அவர் வைக்கவில்லை. லாரி தும்கூர் சாலையில் திரும்பும்வரை, பின்பக்கத்தில் அந்தக் காலி இடம் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. நான் ஏறாத அந்த இடம், கயிறுகளுக்கு நடுவே, என் அளவில் திருப்பத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தது.