மரியதாசன் வெல்டு செய்த இரண்டு டாங்க்குகள்

மரியதாசன் போய்விட்டான். பொழியூர் மரியதாசன்... நேற்று சாயங்காலம். ஹார்ட் அட்டாக்.

காலையில் எங்கள் பழைய ஒர்க்‌ஷாப் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் பார்த்தேன். ஆறேழு பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தார்.

"நல்ல வேலைக்காரன். அந்த டாக்டருக்க வண்டி விஷயத்துல மட்டும் கை தவறிப் போச்சு."

 அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் பாறசாலையில் ஒரு ஒர்க்‌ஷாப். அவன் வெல்டர், நான் பெயிண்டர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

அவன் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் வாந்தி. "அண்ணன்மாரு வலை இழுக்கும்ப நான் ஓரத்துல தலைய தொங்கப் போட்டுக் கிடப்பேன்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். வெல்டிங் படிக்க வந்ததே அதனால்தான்.

ஒருநாள் திருவனந்தபுரத்து டாக்டர் ஒருவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டே சீட், கூரை கிடையாது. பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெட்ரோல் டாங்க், இரண்டும் துருப்பிடித்து அரித்துப்போனவை. அலுமினியத்தில் புதிதாகச் செய்து தரச் சொன்னார்.

மரியதாசன் தகடு வெட்டி, வளைத்து, வெல்டு வைத்தான். காற்றடைத்து சோப்பு நுரை தடவி ஒவ்வொரு ஜாயிண்டாகப் பார்த்தான். ஒரு குமிழ்கூட வரவில்லை. முதலாளியே கையால் தடவிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்... அவர் பாராட்டுவதே அப்படித்தான்.

மீதி என் வேலை. அலுமினியத்தில் பெயிண்ட் சும்மா ஒட்டாது. உரசி, தின்னரால் துடைத்து, அதற்கென்று உள்ள மஞ்சள் பிரைமரை அடித்து, அதன் மேல்தான் கறுப்பு அடிக்க வேண்டும். பிறகு இரும்புப் பட்டை போட்டு வண்டியில் இறுக்க வேண்டும்.

மரியதாசன் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். "பட்டைக்கு அடியில ரப்பர் ஒட்டணும், கேட்டியா. இரும்பு இதுல முட்டப்பிடாது. கம்பளி, சாக்கு ஒண்ணும் வைக்கண்டாம். அது மழை வெள்ளத்தைக் குடிச்சிட்டுக் கிடக்கும், அலுமினியம் பொடிஞ்சு போவும்."

டாங்க்குகளை வண்டியில் மாட்டிய அன்று அவன் லீவு. மகளுக்கு ஞானஸ்நானம். டாக்டர் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

ரப்பர் ஒட்டினால் ஒருநாள் காய வேண்டும். ஜீப் சீட்டுக்கு வாங்கிய கம்பளித் துண்டு பக்கத்திலேயே கிடந்தது. அதை வெட்டி வைத்துப் பட்டையை இறுக்கினேன். பட்டை மூடும் இடத்தில் பிரைமரும் அடிக்கவில்லை... யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

வெளியே தெரிந்த பாகம் கண்ணாடி மாதிரி மின்னியது. டாக்டர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த மழைக்காலம் முடிந்த சமயம். நெய்யாற்றின்கரை பக்கம் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது பக்க டாங்க் தீப்பிடித்தது. டாக்டரின் மனைவி குதித்துவிட்டார். டாக்டருக்குக் கையில் முழங்கை வரைக்கும் தீக்காயம். ரோட்டில் நின்றவர்கள் மணலை வாரிப் போட்டு அணைத்தார்கள்.

வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தார்கள். வலது பக்கம் கரிந்து ஒன்றும் மிஞ்சவில்லை. இடது பக்க டாங்க்கை நான்தான் கழற்றினேன்.

கம்பளி ஈரமாக இருந்தது. அதற்கு அடியில் அலுமினியம் சுண்ணாம்பு மாதிரிப் பொடிந்து, ஊசி குத்தினாற்போல் ஓட்டைகள். வெல்டு மட்டும், போட்ட நாளில் இருந்தபடியே இருந்தது.

யாரும் பக்கத்தில் இல்லை. கம்பளியை உருவி கழிவு ஆயில் டிரம்மில் போட்டுவிட்டேன்.

முதலாளிக்கு யார் மேலாவது பழி போட வேண்டும். டாங்க் ஒழுகினால் வெல்டர்தானே. மரியதாசன் அந்த இடது டாங்க்கைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்டான்.

"ஸ்டான்லி, ஓட்டை எல்லாம் பட்டை கிடந்த எடத்திலயாக்கும். நீ அடியில என்ன வச்சே?"

"ரப்பர்தான்" என்றேன்.

"சத்தியமாட்டா?"

"பின்ன நான் கள்ளமா சொல்லுவேன்?"

 அவன் டாங்க்கைத் தரையில் வைத்துவிட்டு, தன் கண்ணாடியையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு போனான். முதலாளி நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொன்னது அவன் முதுகைப் பார்த்துத்தான்.

இந்தப் பக்கம் வெள்ளறடை வரைக்கும் அந்தக் கதை பரவிவிட்டது. எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அவனைச் சேர்க்கவில்லை. அண்ணன்மார் வள்ளத்திலேயே ஏறினான்.

நான் அங்கேயே இன்னும் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். நல்ல பெயர் எடுத்தேன்.

பல வருஷம் கழித்து ஒருநாள் உச்சக்கடை சந்தையில் எதிரே வந்தான். நான் திரும்புவதற்குள் பார்த்துவிட்டான். டீ வாங்கித் தந்தான். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டான். டாங்க்கைப் பற்றிக் கேட்பான் கேட்பான் என்று காத்திருந்தேன்... கேட்கவில்லை.

"கடல் இப்பம் பழகிப் போச்சா?" என்று நான்தான் ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"எங்க பழக... இப்பமும் வாந்தி உண்டு மக்கா. எடுத்துட்டு வலை இழுப்பேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். டீ கிளாஸைத் திருப்பிக் கொடுத்தேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

குழுவில் எழுதிய நண்பருக்கு... தவறியது மரியதாசன் கை இல்லை. கம்பளி வைத்தது நான். அதை ஒளித்ததும் நான். பொய் சொன்னதும் நான்தான். இந்தப் பதிவை அந்தக் குழுவிலும் போடுகிறேன்.

நாளை பத்து மணிக்கு பொழியூரில் அடக்கம். அவன் மனைவியிடமும் மகளிடமும் இதையெல்லாம் நேரில் சொல்ல வேண்டும். அதன் பிறகு என்னை உள்ளே விடுவார்களா, தெரியாது.

மரியதாசா... நாளைக்கு வாறேன்.