உள்பக்கம் போட்ட கோடு

என் தங்கை வீட்டுக்காரரை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பெரிய தையற்கடை ஒன்றில் கட்டிங் மாஸ்டர். இருபத்தாறு வருஷமாகத் துணி வெட்டுகிறார். வாசலில் ஆள் வந்து நிற்கும்போதே தோள் எத்தனை, இடுப்பு எத்தனை என்று கண்ணாலேயே அளந்துவிடுவார். தப்பாக வெட்டியதாக மட்டும் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. சட்டைக் கை பிசகினால் அது பையாகிவிடும். பை பிசகினால் காலர் பட்டி. "தப்புன்னு ஒண்ணு கிடையாது மச்சான், மிச்சத் துணின்னுதான் உண்டு" என்பார். எனக்கு அந்த அலட்டல் சுத்தமாகப் பிடிக்காது. நான் எலெக்ட்ரீஷியன். என் தொழிலில் பிசகினால் ஆளே மிச்சமிருக்க மாட்டான்.

தங்கை ஒரு இசைக்குழுவில் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாசிக்கிறாள். போன வருஷக் கடைசியில் இடது தோளில் ஆபரேஷன் நடந்தது. இனி அந்தத் தோளில் இரண்டரை கிலோவுக்கு மேல் எதுவும் தொங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய கிடார் நாலரை கிலோ. குழுவை நடத்தும் டிரம்ஸ்காரர் நல்ல மனுஷன், ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு போன் செய்தார். "அடுத்த மாசத்துலேர்ந்து வர முடியுமா, முடியாதான்னு வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடும்மா. இல்லன்னா வேற ஆள் பாக்கணும்." அவள் சரி என்று போனை வைத்துவிட்டு, மடித்து வைத்திருந்த துணிகளையெல்லாம் பிரித்து மறுபடி மடித்தாள்.

"லேசா ஒண்ணு கடையிலயே கிடைக்குமே" என்றேன் நான்.

"ரெடிமேடா?" என்றார் மாஸ்டர், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி.

அவர்கள் வீட்டு உள்ளறையில், வாஷிங் மெஷினுக்கும் இஸ்திரி மேஜைக்கும் நடுவில் வேலை தொடங்கியது. பழைய கிடாரின் கழுத்து அவள் கைக்குப் பழகியது. அதையும் உள்ளிருந்த மின் சாமான்களையும் கழற்றி ஒரு துண்டில் பரப்பி வைத்தார். உடலை மட்டும் லேசான மரத்தில் புதிதாக வெட்டுவது திட்டம். பழையது வெறும் தட்டைப் பலகை, விளிம்பு விலாவில் குத்தும். புதியதில் விலா படும் இடத்தில் ஒரு பள்ளம் தோண்ட நினைத்தார். பிரவுன் காகிதத்தில் வரைந்து, அட்டையில் வெட்டி, அவளைக் கண்ணாடி முன் நிறுத்தி, அட்டைக் கிடாரை நாடாவில் மாட்டி ட்ரையல் பார்த்தார். குண்டூசியை வாயில் கடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். ஐந்து மாதத்தில் அன்றைக்குத்தான் என் தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். அந்த ஒரு நாள் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

அந்த எடையில் நன்றாகக் காய்ந்த பலகை மரக்கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அடுத்தது வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். செவ்வாயன்று அறுத்தார். புதன் மதியம் எனக்குப் போன் வந்தது.

"மச்சான், கொஞ்சம் வாங்களேன். அவகிட்ட சொல்லாதீங்க."

போனேன். மேஜையில் பலகை அழகாகத்தான் கிடந்தது. விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழவென்று. மாஸ்டர் கிடார்க் கழுத்தை எடுத்து அதன் மேல் வைத்துக் காட்டினார். கிடார் உடலில் கொம்பு மாதிரி நீட்டியிருக்கும், தோள்வார் மாட்டும் முனை மேலே இருக்க வேண்டும். அது கீழே இருந்தது.

நடந்தது இதுதான். துணியில் யாரும் நல்ல பக்கத்தில் கோடு போட மாட்டார்கள். புரட்டிப் போட்டு உள்பக்கம்தான் போடுவார்கள். பலகையின் ஒரு பக்கம் மர ரேகை அருமையாக ஓடியது. அதில் பென்சில் பட வேண்டாம் என்று, கைப் பழக்கத்தில் பலகையைப் புரட்டி, பின்பக்கம் அட்டையை வைத்துக் கோடு போட்டுவிட்டார். சட்டைக்கு அது சரி. துணியை இரண்டாக மடித்து வெட்டினால் ஒன்று வலம், ஒன்று இடம் என்று தானாக ஜோடி வந்துவிடும். கிடாருக்கு ஏது ஜோடி? நல்ல பக்கம் திருப்பினால் அது இடது கைக்காரர்கள் வாசிக்கிற கிடார். கோடு போட்ட பக்கத்தையே முன்பக்கமாக்கலாம் என்றால், விலாவுக்காக அங்கே பள்ளம் தோண்டி முடித்தாயிற்று.

"அவகிட்ட சொல்லிடுங்க மாப்பிள்ளை."

"வேணாம். யோசிக்கிறேன்."

என்ன யோசித்தாரோ. பள்ளத்தில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துப் பார்த்தார். காய்ந்ததும் அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வந்தது. வியாழனன்று கடைக்கு லீவு போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எட்டிப் பார்க்க வந்தவளிடம், "பாலீஷ் காயுது, தூசி விழும்" என்றார். என்னிடம் கேட்டாள். நானும் ஆமாம், பாலீஷ்தான் என்றேன். பொய் சொன்னதைவிட, அவருக்காகச் சொன்னதுதான் எனக்கு எரிச்சல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனபோது அவள் கூடத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவருக்கு நான் திரும்பப் போறது பிடிக்கலண்ணா."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ரெண்டு நாளா என் மூஞ்சியப் பாத்துப் பேசல. இருந்த கிடாரையும் கழட்டிப் போட்டாச்சு. வேணாம்னு நேராவே சொல்லியிருக்கலாம். நானே வரலன்னு சொல்லிடறேன்."

"ஏய், இரு" என்பதற்குள் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். மணி அடித்தது. நான் ஓடிப்போய் உள்ளறைக் கதவைத் தட்டவில்லை, இடித்தேன்.

"மாப்பிள்ளை, வெளிய வரீங்களா, கதவ உடைக்கட்டுமா? அவ வரலன்னு சொல்லப் போறா!"

தாழ்ப்பாள் விலகியது. மாஸ்டர் பலகையைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். மூன்று நாள் தாடி.

"தப்பா வெட்டிட்டேன்" என்றார்.

போனில் டிரம்ஸ்காரர், "ஹலோ, சொல்லும்மா" என்றார்.

"ஒரு நிமிஷம்ணே" என்றாள் தங்கை. மாஸ்டர் கையிலிருந்ததை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். பென்சில் கோட்டைப் பார்த்தாள், பள்ளத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்று, கோடு போட்ட பக்கம் வெளியே தெரிய, உடம்போடு அணைத்துப் பிடித்தாள். வலது முழங்கை மடிந்து, முன்கை நேரே பள்ளத்தில் போய்ப் படுத்தது.

"இதுல என்ன தப்பு?"

"பள்ளம் முன்னாடி வந்துடுச்சே..."

"கை வைக்கிற இடம் இது. பாதி கிடார்ல இங்க சீவித்தான் இருக்கும். என்னோடதுலதான் இல்ல."

மாஸ்டர் அந்தக் கையையே பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். அதற்குள் அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"மூணு நாளு! வாசிக்கிறவ நானு. என்னை ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சு போயிடும்? பாலீஷாம், தூசியாம். அண்ணா, நீயும் கூட்டுதானே?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"பயமா இருந்துச்சு" என்றார் மாஸ்டர். "இதுவும் போச்சுன்னு தெரிஞ்சா நீ மறுபடி கிடாரையே தொட மாட்டியோன்னு."

கீழே வைத்திருந்த போன் ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அதில், "அடுத்த மாசத்துலேர்ந்து வரேன்ணே" என்று மட்டும் சொல்லி அணைத்தாள். பிறகு அந்தப் பலகையை மறுபடி உடம்போடு அழுத்திப் பார்த்தாள்.

"பின்னால விளிம்பு விலாவுல குத்துது. இங்க கொஞ்சம் எடுக்கணும்."

ஆல்ட்ரேஷன் என்று யாராவது வந்தால் கடையில் எரிந்து விழுகிற மனுஷன், "எவ்வளவும்மா?" என்று கேட்டார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். முனையை மரத்தில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவளே அதை வாங்கி, அவர் மூன்று நாளாகப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய அந்த அழகான ரேகையின் மேல், தனக்கு எங்கே குத்துகிறதோ அங்கே பட்டென்று ஒரு கோடு போட்டாள்.