ராஜபாண்டிக்குக் குரல் கொடுத்தவர்

காஜிமார் தெரு அப்துல் ஹலீம் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிறவராக இருந்தார். சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் மட்டும் தல்லாகுளத்துப் போலீஸ் பந்தலுக்குப் போய், கூட்டத்தில் காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி மைக்கில் அறிவிப்பார். ‘மஞ்சள் கவுன் போட்ட பெண் குழந்தை, எழுமலையிலிருந்து வந்திருக்கிறது, இங்கே பத்திரமாக இருக்கிறது’ என்று அவர் சொன்னால், பிள்ளையைத் தொலைக்காத தாய்மாரும் ஒரு தரம் தங்கள் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அப்படி ஒரு குரல்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் ராஜபாண்டி பந்தலுக்குள் வந்தார். இரண்டாயிரத்து ஆறு தேர்தலுக்கு முந்தின வருஷம். ஒடிசலான ஆள், காலரில் வியர்வைக் கறை படிந்த சட்டை.

“பாய், வர்ற எம்.எல்.ஏ. எலெக்சனுக்கு எங்க ஊர்ப் பக்கம் நிக்கிறேன். கையில பைசா கம்மி. ஒங்க குரலு கிடைச்சாப் போதும்.”

ஹலீம் உடனே தலையாட்டிவிடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி, டி. கல்லுப்பட்டி தாண்டி உள்ளே போகிற செங்கமடைக்குப் போனார். ஊர்க் கண்மாயை மூடிப் பிளாட் போட வந்த ஜேசிபிக்கு முன்னால் ராஜபாண்டி படுத்த இடத்தை ஊர்க்காரர்கள் காட்டினார்கள். அவருக்குப் பக்கத்தில் படுத்தவர் முத்திருளன், ஆடு மேய்க்கிறவர். “அண்ணன் எந்திரிக்கிற வரைக்கும் நானும் எந்திரிக்கல பாய்” என்றார். சித்திரை வெயிலிலும் கண்மாயில் தண்ணீர் அலையடித்துக் கிடந்தது. ஹலீமுக்கு அது போதுமானதாக இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸிலேயே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்: ‘கண்மாய் காத்த காவலன் வருகிறார்.’

ராஜபாண்டி ஜெயித்தார். முத்திருளன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினார். ஹலீம் தொண்டை கட்டிப்போய் மூன்று நாள் சைகையில் பேசினார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சொல்லவே கூசுகிற சங்கதி. அடுத்த தேர்தலில் ஒரு நாள் காலை, டி. கல்லுப்பட்டி கடைத்தெருவில் ஹலீம் ஒரு தலைவரை ஏழைகளின் விடிவெள்ளி என்று வாயாரப் புகழ்ந்தார். மத்தியானம் ராஜபாண்டிக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது, கூட்டணி மாறிவிட்டது என்று. டீக்கடை ஓரத்தில் வண்டியை நிறுத்தி, டிரைவர் கருத்தக்கண்ணன் கொடியை அவிழ்த்து வேறு கொடி கட்டினார். அதே கடைத்தெருவில், அதே ஆட்களுக்கு முன்னால், காலையில் விடிவெள்ளியாக இருந்தவரைக் கொள்ளைக்கூட்டத் தலைவன் என்று ஹலீம் சொல்ல வேண்டியிருந்தது. வடை தின்றுகொண்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“நமக்கென்ன பாய், வண்டி ஓடுனாச் சரி” என்றார் கருத்தக்கண்ணன்.

அடுத்த முறை இன்னொரு கட்சி. அதற்குள் ராஜபாண்டிக்குக் கழுத்து பெருத்துவிட்டது. வெள்ளைச் சட்டைப் பையில் தலைவரின் படம் வெளியே தெரியும். அந்தப் படம் மட்டும் அவ்வப்போது மாறும். துக்க வீட்டில் வாய்விட்டு அழுவார், கார் கதவைச் சாத்தியதும், “மட்டன் சுக்கா எங்கடா நல்லாருக்கும்?” என்பார். முன் சீட்டில் இருக்கும் ஹலீம் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வார்.

“விட்டுட்டு வந்துருங்க. கடைச் சம்பளத்துல நாம சாப்பிடலையா?” என்று மனைவி ஹஃபீஸா பல தடவை சொல்லியிருக்கிறார். ஹலீம் விடவில்லை. தெருவில் போகும்போது ‘எம்.எல்.ஏ. குரல் போகுது’ என்று யாராவது சொன்னால் காதுக்கு இனிக்கத்தான் செய்தது.

பிறகு செங்கமடைக் கண்மாயைத் தூர்வாரும் விழா வந்தது. ராஜபாண்டி மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தினார். கைதட்டல், பொன்னாடை. மறுநாளிலிருந்து டிப்பர் லாரிகள் வரிசைகட்டின. எல்லாம் ராஜபாண்டியின் மச்சான் வண்டிகள். வண்டலை அள்ளுவதாகச் சொல்லி அடியில் இருந்த, கட்டட வேலைக்கு விலைபோகிற சவுடு மண் வரைக்கும் போய், பனைமரத்தை நிறுத்தினால் மறையும் ஆழத்துக்குத் தோண்டினார்கள். ஊரார் மனு கொடுத்தார்கள். போராட்டத்துக்கு உட்கார்ந்தவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றியது. ஏற்றப்பட்டவர்களில் முத்திருளனும் ஒருவர்.

ஐப்பசி மழையில் குழிகள் நிரம்பின. மேலாகப் பார்த்தால் கண்மாய் முழுக்க ஒரே மட்டத் தண்ணீர். கரையோரம் இறங்கிய ஆட்டுக்குட்டி வழுக்கிக்கொண்டு போக, அதைப் பிடிக்கப் போன அஸ்வினி மேலே வரவில்லை. முத்திருளனின் ஒரே மகள், பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தவள்.

காரியம் முடிந்த வாரமே நிவாரண நிதி வழங்கும் விழா என்று மேடை போட்டுவிட்டார்கள். பேனரில் ராஜபாண்டி ஆள் உயரத்துக்குக் கைகூப்பி நின்றார். அஸ்வினியின் முகம் மூலையில் ஒரு வட்டத்துக்குள், மச்சானின் முகத்தைவிடச் சின்னதாக இருந்தது. வரும் வழியில் காரில் ராஜபாண்டி சொன்னார்:

“பாய், குளிக்கப் போன எடத்துல நடந்த விபத்துன்னு சொல்லுங்க. குழி கிழின்னு வாயில வந்துரக் கூடாது.”

“அந்தப் புள்ள குளிக்கப் போகலயேண்ணே. ஆட்டுக்குட்டியப் பிடிக்கில்ல போச்சு.”

“செத்த புள்ள வந்து இல்லைன்னு சொல்லப் போகுதா?” என்றுவிட்டு ராஜபாண்டி போனில் யாருக்கோ சிரித்துப் பேச ஆரம்பித்தார்.

மேடையில் முத்திருளன் சவரம் செய்யாத முகத்தோடு நின்றார். ராஜபாண்டி காசோலையைக் கொடுத்தார். முத்திருளன் வாங்கிக்கொண்டார். கீழே இருந்த போட்டோகிராபர் கையை ஆட்டினார்: “அண்ணே, செக்க ஒங்க கை மறைச்சுருச்சு.”

“அப்படியா? குடு, குடு” என்று ராஜபாண்டி அந்தக் காகிதத்தை முத்திருளன் விரல்களிலிருந்து உருவினார். திரும்பக் கொடுத்தார். “கேமராவப் பாருய்யா” என்றார். முத்திருளன் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தார். ராஜபாண்டி மறுபடியும் உருவி, மறுபடியும் கொடுத்தார்.

ஹலீம் மைக்கைப் பிடித்தார்.

“மண்ணுக்காகத் தோண்டிய குழியில் விழுந்து இறந்துபோன அஸ்வினியின் தந்தை முத்திருளன் மேடையில் நிற்கிறார்” என்றார். பிள்ளைகளை அறிவித்தபோது பேசிய அதே நிதானம். “குழியைத் தோண்டியவர்கள் யார் என்று இந்த ஊருக்குத் தெரியும். அவர்களுக்குப் பக்கத்தில்தான் அவர் நிற்கிறார்.”

அதற்கு மேல் பேசவிடாமல் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் ஒரு பெண் ஓங்கி அழுதது மட்டும் கேட்டது. மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போன கரைவேட்டிகள் ஹலீமின் சட்டையைக் கிழித்தார்கள். ராஜபாண்டி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கருத்தக்கண்ணன்தான் தோளைப் பிடித்து ரோடுவரை கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டார். “எதுக்கு பாய் இந்த வேல?” என்று கேட்டார். அந்தத் தூர்வாரும் விழாவையும் அறிவித்தது தன் வாய்தான் என்பது ஹலீமுக்கு நினைவிருந்தது.

அதோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த தேர்தல் வந்தது. ஒரு காலை நேரம் ஹலீம் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் அவர் குரலே கேட்டது: “கண்மாய் காத்த காவலன் வருகிறார்...” பழைய பிரசாரத்தில் பதிந்து வைத்திருந்ததைப் பென்டிரைவில் போட்டு, மதுரையில் ஸ்பீக்கர் கட்டித் தொகுதிக்குக் கிளம்பிய வண்டியில் ஓடவிட்டிருந்தார்கள். செருப்புப் போடாமலே ஓடிப்போய் வண்டியை மறித்தார்.

“நிறுத்துய்யா அத! என் குரலுய்யா அது!”

ஸ்டீயரிங்கில் கருத்தக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். “ஒங்க குரலுதான் பாய். ஆனா பென்டிரைவ் அவுகளுது. நான் என்ன செய்ய?”

ஹலீம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கிருந்தவர், “ஒங்க வாயால நீங்க பேசுனதுதான? இதுல என்ன கேஸ் போடச் சொல்றீங்க?” என்று அனுப்பிவிட்டார். அங்கிருந்து நேரே செங்கமடைக்குப் போய் முத்திருளன் முன்னால் நின்றார்.

“அந்த வண்டியில நான் இல்லய்யா.”

“தெரியும் பாய். நேத்து இங்கயும் வந்துச்சு. கல்லெடுத்து எறிஞ்சேன். ஸ்பீக்கரு நசுங்கிருச்சு, சத்தம் நிக்கல” என்றார் முத்திருளன்.

ராஜபாண்டி முன்னைவிடக் கூடுதல் வாக்கில் ஜெயித்தார். செங்கமடையிலும் அவருக்குத்தான் அதிகம் விழுந்திருந்தது. அதைக் கேட்ட அன்று ஹலீம் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. காசு வாங்கிக்கொண்டு போட்டவர்கள்மேல் கோபம் வந்தது. அந்தக் குரலைக் கேட்டு நம்பிப் போட்டவர்களும் இருப்பார்களே என்று நினைத்தபோது தன்மேலேயே அருவருப்பு வந்தது.

இப்போது லோடு ஆட்டோவில் வெங்காயம், கல் உப்பு விற்கிறவர்களுக்கு ஹலீம் மைக்கில் பேசிக் கொடுக்கிறார். நேற்றைய வெங்காயத்தை இன்றைய வெங்காயம் என்று சொல்லச் சொன்னால் மாட்டேன் என்பார்.

போன மாதம் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ் விருந்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தார். வாசலில் சலசலப்பு. ராஜபாண்டி வந்துவிட்டார். பாதி பந்தி எழுந்து நின்றது. ஹலீம் எழவில்லை. ராஜபாண்டி அவரைப் பார்த்துவிட்டு நேரே வந்து கையை நீட்டினார்.

“என்ன பாய், குரலையே காணோம்?”

“சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். கை எச்சி.”

“நமக்குள்ள என்ன பாய்!” என்று ராஜபாண்டி குனிந்து, பிரியாணி ஒட்டியிருந்த கையை மணிக்கட்டோடு பிடித்துத் தூக்கினார். அதற்காகவே காத்திருந்ததுபோல் கேமரா மின்னியது. ஹலீம் கையை உதறினார். அதற்குள் ராஜபாண்டி அடுத்த இலைக்குப் போயிருந்தார்.

மறுநாள் அந்தப் படம் காஜிமார் தெரு முழுக்கப் போனில் சுற்றியது. கீழே, ‘மக்கள் தலைவரோடு மீண்டும் இணைந்தார் அப்துல் ஹலீம்’ என்று போட்டிருந்தது. ஹஃபீஸா போனைக் கணவரிடம் காட்டினார்.

ஹலீம் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

“எங்க போறீங்க?”

“தெருவுல வீடு வீடாச் சொல்லிட்டு வாரேன், நான் சேரலன்னு.”

“மைக் இல்லாமயா?”

“மைக் இல்லாமத்தான்” என்று படியிறங்கினார்.