வலது காதில் நான் இல்லை

எங்கள் பாட்காஸ்ட்டை யாராவது கேட்கிறார்களா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் எங்களுக்குக் குரல் செய்தி அனுப்பியதும், குரலிலேயே பதில் அனுப்பிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவளைப் பார்க்கப் பஸ் ஏறிவிட்டேன்.

திருவனந்தபுரத்தில் சிறு தொழில் செய்யும் தமிழர்களிடம் நான் பேட்டி எடுப்பேன். அலுவலகத் தோழி அதை வெட்டி ஒட்டி வலையேற்றுவாள். ஒன்றரை வருடமாக எங்கள் சனிக்கிழமைகள் இதற்கே போயின. கேட்பவர்களுக்கு நேரில் உட்கார்ந்திருப்பது போல இருக்க வேண்டும் என்று தோழி ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். ஆளுக்கொரு காலர் மைக். என் குரல் இடது காதில் மட்டும் வரும், பேட்டி கொடுப்பவர் குரல் வலது காதில் மட்டும். எங்களுக்கு அதில் பெருமைகூட இருந்தது.

அந்தப் பெண் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். தொழிலாளர் லயத்தில், தன் வீட்டு வாசலிலேயே நாற்காலி போட்டுப் பால் சேர்க்காத கட்டன்சாயா கொடுத்தாள். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காததால், விதுராவுக்குச் சந்தைக்குப் போகும்போது எங்கள் பேட்டிகள் எல்லாவற்றையும் போனில் இறக்கிக்கொண்டு வந்து, வாரம் முழுக்க வேலை செய்தபடி கேட்பாளாம்.

"பழவங்காடி பிள்ளையார் கோயில்கிட்ட தேங்கா விக்கிறவர் பேசினாரே, அதை மட்டும் நாலு தடவை கேட்டேன் சேச்சி" என்றாள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "நான் கேட்ட கேள்வியெல்லாம் சரியா இருந்துச்சா?" என்றேன்.

அவள் விழித்தாள். "கேள்வியா? அதுல கேள்வியே இல்லையே. சேச்சி மெசேஜ்ல பேசினப்பதான் உங்க சத்தத்தையே முதல்ல கேட்டேன்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவளோ எழுந்து போய் இயர்போனை எடுத்து வந்து காட்டினாள். "இந்த வலது பக்கத்தை மட்டும் மாட்டுவேன். இன்னொண்ணு கழுத்துல கிடக்கும். காட்டெருமை வந்தா சத்தம் கேக்கணுமில்லே."

ஒன்றரை வருடம். இவள் காதில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"அப்ப, யார் பேட்டி எடுக்கறாங்கன்னு நினைச்சீங்க?"

"எதிர்ல ஒருத்தங்க உக்காந்து வாயே திறக்காம கேக்கறாங்கன்னு நினைச்சேன். நல்ல பொறுமைசாலின்னு வீட்டுக்காரர்கிட்டகூடப் பறஞ்சேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு காதிலும் மாட்டிக் கேட்கச் சொன்னேன். தேங்காய்க்காரரின் பேட்டியைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் சுருங்கியது. இயர்போனைக் கழற்றிவிட்டு, "இதென்ன சேச்சி, அந்த மனுஷன் பேசறப்பவெல்லாம் குறுக்க ஒரு ஆள் வருது" என்றாள். அந்த ஆள் நான்தான் என்பது அப்படிச் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் என் இயர்போனின் வலது பக்கத்தை மட்டும் மாட்டிக்கொண்டு, அதே பேட்டியை முதல்முறையாக நான் இல்லாமல் கேட்டேன். மனைவி இறந்த மூன்றாம் நாளே கடை திறந்ததைத் தேங்காய்க்காரர் சொல்கிறார். அப்புறம் மௌனம். மூச்சு இழுக்கிற சத்தம். "அன்னைக்குக் காலையில அவ..." என்று தொடங்குகிறார். அதோடு நின்றுவிடுகிறது. மறுபடி மௌனம். பிறகு தேங்காய் விலையைப் பற்றிப் பேசுகிறார்.

அந்த இடத்தில் நான் என்ன பேசியிருந்தேன் என்று இடது பக்கத்தை மாட்டிக் கேட்டேன். "மனசைத் தேத்திக்குங்க, எல்லாம் சரியாகும். இப்ப வியாபாரம் எப்படி?" அவர் தொடங்கிய வார்த்தையின் மேலேயே என் குரல் ஏறி நின்றது. எதிரே ஒன்றரை முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தும் அவர் சொல்ல வந்தது என் காதில் விழவே இல்லை. எத்தனையோ முறை எங்கள் பேட்டிகளைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் குரலைத்தான் கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

மறுநாள் அலுவலகம் முடிந்ததும் பழவங்காடிக்குப் போனேன். பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காய் வாங்குகிற கூட்டம் குறையும்வரை காத்திருந்து, அந்த இடத்தை அவருக்குப் போட்டுக் காட்டினேன். தன் குரலைத் தானே கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணாச்சி, அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தீங்க. நான்தான் குறுக்க பேசிட்டேன். இப்ப சொல்றீங்களா?"

ஒரு தேங்காயை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டுக் குவியலில் வைத்தார்.

"அன்னைக்கு வாயில வந்திச்சும்மா. இப்ப வரல்ல" என்றார். கோபம் இல்லை. அதுதான் என்னை இன்னும் உலுக்கியது.

அந்த வாரமே தோழி பழைய பேட்டிகள் அத்தனையையும் இரண்டு குரலும் இரண்டு காதிலும் வரும்படி மாற்றி ஏற்றினாள். ஒற்றைக் காதில் கேட்பவர்கள் இன்னும் பலர் இருப்பதைப் பிறகு வந்த செய்திகளில் தெரிந்துகொண்டோம். ஒரு ஆட்டோக்காரர், குழந்தையை மடியில் போட்டிருக்கும் ஒரு தாய், ஒரு காது கேட்காத ஒரு பெரியவர். இவர்களில் ஒருவரைக்கூட நாங்கள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

என் கேள்விகளில் பாதியை நானே வெட்டச் சொன்னேன். தோழி மறுக்கவே இல்லை. அவள் ஒரு வார்த்தையாவது மறுப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.